சுரங்கத்தில் மயங்கிய சிறுவன்

இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். தகப்பனார் தன் மகனை உள்ளே அழைத்துச் சென்றார். நின்றுகொண்டு ஷேக்ஸ்பியர் நாடக வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பையன் ஒப்பித்தான். சிறிது நேரத்தில் மூச்சு வாங்கியது. கால் தள்ளாடியது. தரையில் விழுந்துவிட்டான்.

விழுந்ததும் மூச்சு சரியாகிவிட்டது! அந்தச் சுரங்க வாயு காற்றைவிட லேசானது. மேலேதான் தங்கும். தரையை ஒட்டி நல்ல காற்று இருக்கும். மகன் இதை மறக்கக்கூடாது என்றே தகப்பனார் அப்படிச் செய்தார். அவரும் ஒரு விஞ்ஞானி.

அந்தப் பையன்தான் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1892-ல் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தவர். விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கவில்லை. ஆனால் தங்கை நவோமியுடன் எலி வளர்த்து, எந்தக் குட்டிக்கு என்ன நிறம் வருகிறது என்று கணக்கு எழுதினார். தாய் தந்தையரின் குணம் பிள்ளைக்கு எப்படி இறங்குகிறது? ஆயுள் முழுவதும் அவர் தேடியது இதைத்தான்.

1937-ல், ரத்தம் உறையாத நோயும் நிறம் தெரியாத குறையும் பரம்பரையில் சேர்ந்தே இறங்குவதை ஜூலியா பெல் என்ற அம்மையாருடன் சேர்ந்து காட்டினார்.

இன்னொரு புதிருக்கும் விடை சொன்னார். உயிரைக் குடிக்கும் பரம்பரை நோய், அந்தப் பரம்பரையோடு ஏன் அழிந்துபோவதில்லை? சில நோய்கள் நடுவயதில்தான் தலைகாட்டும். அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன. நோயின் வித்தும் அவர்களிடம் போய்விடுகிறது. இயற்கை களை எடுக்க வருவதற்குள் அறுவடை முடிந்துவிடுகிறது!

இந்தப் புதிர் நமக்கு அந்நியமானதல்ல. வைகையின் வடகரையில் விளாங்குடி. தென்கரையில் மேற்கே போனால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே ஆராய்ச்சி செய்த தண்டபாணியும், ஐதராபாத் தங்கராஜ் முதலியவர்களும் 2009-ல் ஒரு செய்தி வெளியிட்டார்கள். இதயத் தசைக்குப் புரதம் செய்யச் சொல்லும் ஒரு மரபணுவில், 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. இந்தியாவிலும் அக்கம்பக்க நாடுகளிலும் 100 பேரில் சுமார் 4 பேருக்கு இந்தக் குறை உண்டு. குறை உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வந்தால் பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகுதான். இதயத் தசை தடிக்கும், அல்லது தளர்ந்து விரியும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறை இறங்கினால் கடுமையாகத் தாக்கும்.

அக்காள் மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். அப்படி மணந்தால் ஒரே குறை இருபுறமிருந்தும் வந்து சேர இடமுண்டு. ஹால்டேனின் ஆந்திர மாணவர் துரோணம்ராஜு, ஆந்திரத்தில் இத்தகைய திருமணங்களை ஆராய்ந்தார்.

ஆம், ஹால்டேன் இந்தியாவுக்கே வந்துவிட்டார்! 1957-ல் மனைவி ஹெலனுடன் கல்கத்தாவில் குடியேறினார். சூயஸ் சண்டையில் தம் நாடு நடந்துகொண்ட விதம் பிடிக்கவில்லை என்றார். 60 ஆண்டு காலுறை மாட்டியது போதும் என்பதும் ஒரு காரணமாம்! ஜிப்பா அணிந்தார். மாமிசத்தை விட்டார். 1961-ல் இந்தியக் குடிமகனானார். பிறகு புவனேசுவரத்தில் ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார்.

புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அந்த நோயைக் கேலி செய்து பாட்டு எழுதினார். 1964 டிசம்பர் 1-ந் தேதி புவனேசுவரத்தில் காலமானார்.

உடலை எரிக்கவில்லை, புதைக்கவில்லை. அவர் விருப்பப்படி, மாணவர்கள் அறுத்துப் படிக்கக் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.