கம்பியில்லா அலை கண்ட ஜகதீச சந்திர போஸ்

பாரத அன்னை ஈன்றெடுத்த அறிவியல் மேதைகள் பலர். அவர்களுள் ஜகதீச சந்திர போஸ் என்ற பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது தொட்டாற்சிணுங்கிச் செடிதான். தாவரங்களும் உணர்ச்சி உடையவை என்று காட்டியவர் என்றே பாடநூல்கள் வாயிலாக அவரை அறிந்திருக்கிறோம். ஆனால் பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பேருந்தில் வந்து பயிலும் நாம், நம் பள்ளிக் கணினி அறையில் கம்பி ஏதும் இன்றிப் பாடங்களைத் திரையில் காண்பதற்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதைப் பலர் அறியார். அதனை நம் தோழியரும் அறிய வேண்டும் என்ற ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் உள்ள மைமென்சிங் நகரில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தவர். அக்காலத்தில் அத்தகையோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்புவர். ஆனால் அவரோ மகனைத் தாய்மொழியான வங்கமொழியில் கற்பிக்கும் சாதாரணப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஒரு பக்கத்தில் மீனவரின் மகனும், மறுபக்கத்தில் தந்தையிடம் பணிபுரிந்த இஸ்லாமியரின் மகனும் அமர, நடுவில் அமர்ந்து பயின்றார் சிறுவன் ஜகதீசன். நீரில் வாழும் உயிர்களைப் பற்றி மீனவச் சிறுவன் சொன்ன கதைகளே இயற்கையின்பால் அவருக்கு ஆர்வத்தை ஊட்டின.

பின்னர் கல்கத்தாவில் சேசு சபைத் துறவிகள் நடத்திய புனித சவேரியார் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்றார். அங்கே பௌதிகம் கற்பித்தவர் பெல்ஜிய நாட்டிலிருந்து வந்த அருட்தந்தை லஃபான்ட் அடிகளார். கரும்பலகையோடு நின்றுவிடாமல், கருவிகளைக் கொண்டு சோதனை செய்து காட்டிப் பாடம் நடத்துவது அவரது வழக்கம். 1876-இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது உடன் நின்று உழைத்தவரும் அவரே. நல்லாசிரியர் ஒருவர் மாணவரின் உள்ளத்தில் ஏற்றும் விளக்கு எத்தனை ஆண்டுகள் ஒளி வீசும் என்பதற்குப் போஸின் வாழ்வே சான்று.

மருத்துவம் பயில 1880-இல் இங்கிலாந்து சென்ற போஸ், உடல்நலக் குறைவால் அதைக் கைவிட்டு, கேம்பிரிட்ஜில் அறிவியல் கற்றார். 1885-இல் தாயகம் திரும்பிக் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார். அங்கேதான் அவருக்கு முதற்சோதனை காத்திருந்தது. ஆங்கிலேயப் பேராசிரியர் பெறும் ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு என்பது அன்றைய விதி. அதிலும் இவரது பணி தற்காலிகமானது என்று கூறிப் பாதியைக் குறைத்தனர். போஸ் வேலையை விடவில்லை, வாதிட்டுக் கூச்சலிடவுமில்லை. மூன்று ஆண்டுகள் ஒரு நாளும் தவறாமல் பாடம் நடத்தினார். ஆனால் ஊதியத்தை மட்டும் தொடவில்லை. தந்தையாரோ கடனில் மூழ்கியிருந்த நேரம் அது. இறுதியில் அரசு பணிந்தது. மூன்றாண்டுக்கும் முழு ஊதியம் கொடுத்தது. அத்தொகையைக் கொண்டு போஸ் தந்தையாரின் கடனைத் தீர்த்தார்.

இந்த வறுமைக் காலத்தில், 1887-இல், அவருக்கு வாழ்க்கைத் துணையாக வந்தவர் அபலா அம்மையார். அவர் வரலாறு மாணவிகளாகிய நாம் சிறப்பாக அறிய வேண்டியது. அவருக்கு மருத்துவம் பயில விருப்பம். கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் கதவு அன்று பெண்களுக்குத் திறக்கவில்லை. ஆகவே 1882-இல் நம் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் இடந்தராமையால் படிப்பை முடிக்காமல் திரும்ப நேர்ந்தது. எனினும் மூடிய கதவின்முன் நின்ற அந்த நினைவு அவரை விட்டு அகலவில்லை. 1919-இல் பெண்கல்விக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கி, வங்காளத்துச் சிற்றூர்களில் பெண்களுக்குப் பள்ளிகள் பல கண்டார்.

இனி அலைகளின் கதைக்கு வருவோம். கண்ணுக்குப் புலப்படாத மின்காந்த அலைகள் உண்டு என்று மாக்ஸ்வெல் கணக்கின் வழியே கூறினார். அவை உண்மையே என்று ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1888-ஆம் ஆண்டளவில் சோதனையால் மெய்ப்பித்தார். 1894-இல், தமது முப்பத்தாறாம் பிறந்த நாளன்று, இனி ஆராய்ச்சியே தம் வாழ்வு என்று போஸ் உறுதி பூண்டார். கல்லூரியில் அவருக்குத் தக்க ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சிறிய அறை இருந்தது. தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவர் உதவிக்கு வந்தார். கருவிகளுக்குத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டார். விலையுயர்ந்த பொருள் கிடைக்காத இடத்தில் கையில் கிடைத்ததைப் பயன்படுத்தினார். இரயில் கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே ஈயத்தகடு வைத்தும், சணல் நாரை முறுக்கிக் கட்டியும் அலைகளின் தன்மையை ஆராய்ந்தார்!

ஹெர்ட்ஸ் கண்ட அலைகள் நீளமானவை. அவற்றை ஆராயப் பெரிய கருவிகள் வேண்டும். போஸோ ஐந்து மில்லிமீட்டர், அதாவது ஓர் அரிசி மணியளவே நீளமுள்ள அலைகளையும் உண்டாக்கினார். 1895-இல் கல்கத்தாவில் வங்காள லெப்டினன்ட் கவர்னர் முன்னிலையில் ஒரு பொதுச் சோதனை நடந்தது. ஓர் அறையில் பிறந்த அலை, சுவர்களைக் கடந்து சுமார் 75 அடி தொலைவில் இருந்த அறைக்குச் சென்றது. அங்கே ஒரு மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தது. நடுவில் கம்பி ஏதும் இல்லை. கூடியிருந்தோர் வியப்பில் ஆழ்ந்தனர்.

அன்று அவர் கையாண்ட அலைகளின் இனத்தைச் சேர்ந்த அலைகளே இன்று நம் கணினி அறைக்கு வருகின்றன. அது எவ்வாறு என்பதைச் சற்றுக் காண்போம். பள்ளிக் கணினிகள் யாவும் கம்பிகளால் ஒரு சுவிட்சுடன் இணைக்கப்பட்டுள்ளன. இதுவே உள் வலையமைப்பு. அந்தச் சுவிட்சிலிருந்து ஒரு கம்பியை எடுத்து அக்செஸ் பாயிண்ட் என்னும் சிறு பெட்டியில் செருகுகிறார்கள். கம்பி வழியாக வரும் செய்தியை அலையாக மாற்றி அனுப்புவதும், அலையாக வருவதைத் திரும்பக் கம்பிக்குள் செலுத்துவதும் அப்பெட்டியின் வேலை. அதனை அறையின் நடுவே உயரத்தில் பொருத்த வேண்டும். இரும்பு பீரோவின் அருகே வைத்தலாகாது, ஏனெனில் உலோகம் அலையைத் தடுக்கும். வலையமைப்பில் வேறெந்தக் கருவிக்கும் இல்லாத தனி முகவரியை அதற்குத் தர வேண்டும். பிற கருவிகளுக்கு முகவரி வழங்கும் பொறுப்பை ஏற்கனவே ரவுட்டர் செய்து வந்தால், இப்பெட்டியில் அதை நிறுத்திவிட வேண்டும். ஒரு வகுப்புக்கு இரு ஆசிரியர்கள் வருகைப் பதிவு எடுத்தால் குழப்பம் வருமன்றோ! பிறகு வலையமைப்புக்கு ஒரு பெயரும், எளிதில் ஊகிக்க முடியாத கடவுச்சொல்லும் இட வேண்டும். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது, பூட்டிய வீட்டின் சாவியைத் திண்ணையில் வைப்பது போன்றது.

இப்பெட்டிகள் பெரும்பாலும் இரு வகை அலைகளைப் பயன்படுத்துகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ பன்னிரண்டரை சென்டிமீட்டர். அது சுவரை ஓரளவு எளிதில் கடந்து அடுத்த அறைக்கும் செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி நீளமே உடையது. அது விரைவாகச் செய்தி தரும். ஆனால் சுவர்களைக் கடக்கும்போது அதிகம் சோர்ந்துவிடும். போஸ் கண்ட ஐந்து மில்லிமீட்டர் அலையோ 60 கிகாஹெர்ட்ஸ் ஆகும். ஒரே அறைக்குள் மிகுந்த வேகத்தில் செய்தி அனுப்பும் வைஃபைக்கு அந்த அலையையே பயன்படுத்தும் தரம் 2012-இல்தான் வகுக்கப்பட்டது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் முன்சென்று நின்றார் என்றால் அது மிகையாகாது.

1897-இல் இலண்டன் ராயல் கழகக் கூடத்தில் தம் கருவிகளை போஸ் இயக்கிக் காட்டினார். பொருள் ஈட்ட எண்ணியிருந்தால் அவற்றின் அமைப்பை மறைத்திருக்கலாம். அவரோ அனைத்தையும் வெளிப்படையாக விளக்கினார். 1901-இல் தந்தி நிறுவனம் ஒன்றின் உரிமையாளர் இலாபத்தில் பங்கு தருவதாகக் கூறி, கருவிக்கு உரிமைப் பட்டயம் பெறுமாறு வற்புறுத்தினார். போஸ் மறுத்துவிட்டார். அறிவு விற்பனைப் பொருள் அன்று என்பது அவர் கொள்கை. சகோதரி நிவேதிதை முதலிய அன்பர்களின் வற்புறுத்தலால் ஒரு கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பிக்கப்பட்டு, 1904-இல் பட்டயமும் கிடைத்தது. ஆயினும் அதைக் கொண்டு அவர் பொருள் தேடவில்லை.

1901 டிசம்பரில் இத்தாலியரான மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிக் கம்பியில்லாச் செய்தியைப் பெற்று உலகப் புகழ் எய்தினார். 1931-இல் வத்திக்கான் வானொலியை அமைத்துத் தந்தவரும் அவரே. அவர் உழைப்பு பெரிது. ஆனால் அன்று அவர் பயன்படுத்திய பாதரச உணர்கருவி, 1899-இல் போஸ் வெளியிட்ட ஆய்வுரையில் கண்ட அமைப்பே என்று 1998-இல் ஆய்வாளர் ஒருவர் எடுத்துக்காட்டினார். தம் மாணவரின் பெருமையை முன்பே பொதுமக்களிடம் எடுத்துரைத்தவர் லஃபான்ட் அடிகளார் ஆவார்.

பின்னாளில் போஸின் கவனம் தாவரங்களின்பால் சென்றது. அவற்றின் நுண்ணிய வளர்ச்சியையும் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியை அமைத்தார். 1917-இல், தம் பிறந்த நாளான நவம்பர் 30 அன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தாம் அமர்ந்து ஆராய ஓர் அறையின்றித் தவித்தவர், பிறர் ஆராய ஒரு மாளிகையே கட்டித் தந்தார். 1920-இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1937-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் கிரிதி என்ற ஊரில் அவர் இறைவனடி சேர்ந்தார். 2012-இல் உலக மின்பொறியாளர் அமைப்பு அவரது அலைச் சோதனைகளை வரலாற்று மைல்கல்லாக அறிவித்துச் சிறப்பித்தது. அபலா அம்மையார் 1951 வரை வாழ்ந்து பெண்கல்விப் பணியைத் தொடர்ந்தார்.

அன்புத் தோழியரே! வலையமைப்பின் கடவுச்சொல் திருடரைத் தடுப்பதற்கே. கற்க வருவோரைத் தடுப்பதற்கு அன்று. நிறத்தைக் காட்டி ஊதியத்தைக் குறைத்தார்கள். பெண் என்று சொல்லிக் கல்லூரிக் கதவை மூடினார்கள். அவற்றைத் தாங்கிய அந்தத் தம்பதியரோ, தமக்குக் கிடைத்ததைப் பிறருக்கு மூடவில்லை. நம்முள் பலருடைய வீட்டில் பத்தாம் வகுப்பை எட்டிய முதற்பெண் நாமே. ஆகவே இன்று கற்றதை வீட்டில் உள்ள தங்கைக்கும் பக்கத்து வீட்டுச் சிறுமிக்கும் இன்றே சொல்லித் தருவோம். அதுவே போஸ் பெருமகனாருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும். வாழ்க அவர் புகழ்!