ஒரு பாட்டால் வாழும் சுந்தரம் பிள்ளை

ஜவ்வாது மலைமேல் இருக்கிறது காவலூர். ஆலங்காயத்திலிருந்து வளைந்து வளைந்து ஏற வேண்டும். வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய டெலஸ்கோப், 93 அங்குல ஆடி கொண்டது, 1986 முதல் இங்கேதான் நட்சத்திரங்களைப் பார்த்து வருகிறது. இரவெல்லாம் கண் விழித்த விஞ்ஞானிகள் படுக்கைக்குப் போன பிறகு, மலைப் பள்ளிக்கூடங்களில் மணி அடிக்கிறது. பிள்ளைகள் வரிசையாக நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுகிறார்கள்.

மலையில் மட்டுமா? சென்னையிலும் பாடுகிறார்கள், குமரியிலும் பாடுகிறார்கள். சர்க்கார் விழா என்றால் முதலில் இதுதான். எந்தச் சினிமாப் பாட்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைத்ததில்லை.

ஒரே பாட்டில் புகழ் பெற்று, பிறகு ஆள் என்ன ஆனார் என்று தெரியாமலே போனவர்கள் சினிமா உலகில் உண்டு. வெளி நாட்டிலும் உண்டு. பிரான்சு தேசத்தின் தேசிய கீதத்தை 1792-ல் ஒரே இரவில் எழுதி மெட்டும் அமைத்த ரூஜே தெ லீல் ஒரு ராணுவக் காப்டன். அதன் பிறகு அவர் எழுதியது எதையும் உலகம் நினைவில் வைக்கவில்லை. வறுமையில் வாடி 1836-ல் இறந்தார்.

நம் பாட்டை எழுதியவர் கதை வேறு விதம். பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை பாட்டுக் கட்டுவதைத் தொழிலாகக் கொண்டவரே அல்ல. தத்துவம் கற்பித்தவர், சரித்திர ஆராய்ச்சி செய்தவர். ஒரு பாட்டு அவருக்குச் சாகாத பெயரைக் கொடுத்தது. அவர் செய்த மற்ற வேலைகளையெல்லாம் அதே பாட்டு மறைத்தும் விட்டது.

ஆலப்புழையில் பிறந்தவர்

1855 ஏப்ரல் 4-ந் தேதி ஆலப்புழையில் பிறந்தார். தந்தை பெருமாள் பிள்ளை, தாய் மாடத்தி அம்மாள். தமிழ்நாட்டிலிருந்து மலையாளக் கரைக்குக் குடியேறிய குடும்பம். தமிழ் சொல்லிக் கொடுத்தவர் நாகப்பட்டினம் நாராயணசாமிப் பிள்ளை. பிற்காலத்தில் மறைமலை அடிகளுக்கும் ஆசிரியராக இருந்தவர் இவரேதான்.

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் படித்து 1876-ல் பி.ஏ. தேறினார். மறு வருஷமே திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியர் ஆனார். பின்னாளில் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளி அது. கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளின் தொடர்பு அந்தக் காலத்தில்தான் ஏற்பட்டது. சுவாமிகளைக் குருவாகக் கொண்டார். நாடகத்தில் சுந்தர முனிவர் என்று ஒரு பாத்திரம் வருகிறதே, அந்தப் பெயர் இவரிடமிருந்து வந்ததுதான்.

1880-ல் எம்.ஏ. தேறினார். நடுவில் சில ஆண்டுகள் திருவிதாங்கூர் அரண்மனையில் சிரஸ்தேதார் உத்தியோகம் பார்த்தார். நல்ல பதவிதான். ஆனாலும் மனம் கல்லூரியிலேயே இருந்தது போலும்; 1885-ல் தத்துவப் பேராசிரியராகத் திரும்பி வந்து விட்டார்.

அந்தக் கல்லூரியில் டாக்டர் ஹார்வி என்ற வெள்ளைக்காரப் பேராசிரியர் இருந்தார். சுந்தரம் பிள்ளைக்கு அவர்மீது அளவில்லாத மரியாதை. திருவனந்தபுரத்தை அடுத்த பேரூர்க்கடையில் தாம் குடியிருந்த இடத்துக்கு ஹார்விபுரம் என்று பெயர் வைத்தார். மனோன்மணீயத்தையும் ஹார்விக்கே காணிக்கை ஆக்கினார். தமிழைத் தெய்வமாக வணங்கித் தொடங்கும் நூல் ஓர் ஆங்கிலேயருக்குச் சமர்ப்பணம்! அவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சுரங்க வழி

மனோன்மணீயம் 1891-ல் அச்சாயிற்று. ஐந்து அங்கம், முழுதும் செய்யுள். தமிழில் நல்ல நாடக நூல் இல்லையே என்ற குறை அவருக்கு உண்டு. லிட்டன் பிரபு எழுதிய ஒரு சிறு கதையை எடுத்துக் கொண்டு, அதைப் பாண்டி நாட்டுக் கதையாகவே மாற்றி விட்டார்.

ஜீவகன் என்ற பாண்டியன், சொன்னதையெல்லாம் நம்புகிறவன். மந்திரி குடிலனோ பெருஞ் சூழ்ச்சிக்காரன். அரசன் மகள் மனோன்மணியும் சேர அரசன் புருடோத்தமனும் ஒருவரை ஒருவர் கனவில் கண்டு காதல் கொள்கிறார்கள். நாஞ்சில் நாட்டைச் சாக்கிட்டுப் போரை மூட்டி விடுகிறான் குடிலன். தன் மகனுக்கே மனோன்மணியைக் கட்டி வைக்க நள்ளிரவில் மணப்பந்தலும் போட்டாகி விட்டது. அந்த நேரத்தில் சுரங்க வழியாகச் சேரன் வந்து நிற்கிறான்!

சினிமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1942-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் இதைப் படமாக எடுத்தார்கள். பி.யு. சின்னப்பாவும் டி.ஆர். ராஜகுமாரியும் நடித்தார்கள். ஆனால் சுந்தரம் பிள்ளை நாடகத்தை மேடைக்கென்று எழுதவில்லை, படிப்பதற்கென்றே எழுதினார். இன்று படிப்பவர்தான் குறைவு. நானே கல்லூரியில் ஒரு களத்தை மட்டும் பாடமாகப் படித்துப் பரீட்சை எழுதியவன். முழுதும் படித்தது இந்தக் கட்டுரைக்காகத்தான். குடிலன் தனியாக நின்று பேசும் இடங்கள் அருமை. நல்லவர்களைவிட அவனிடம்தான் உயிர் இருக்கிறது.

சம்பந்தர் காலம்

சுந்தரம் பிள்ளை தம் பெயரை நிலைநிறுத்தும் என்று நம்பியிருக்கக் கூடியது அவருடைய ஆராய்ச்சியை. திருஞானசம்பந்தர் 13-ம் நூற்றாண்டினர் என்று கால்டுவெல் போன்ற பேரறிஞர்களே எண்ணிய காலம் அது. இல்லை, 7-ம் நூற்றாண்டுக்குப் பிந்தியவராக இருக்க முடியாது என்று ஆதாரங்களை அடுக்கி இவர் வாதாடினார். தமிழிலக்கிய சரித்திரம் ஒரேயடியாக 600 வருஷம் பின்னே போயிற்று! இன்று சம்பந்தரை 7-ம் நூற்றாண்டில் வைக்காத பாடப் புத்தகம் இல்லை. அதற்காக வாதாடியவர் பெயரை அந்தப் புத்தகங்களில் தேடிப் பார்க்க வேண்டும்.

திருவிதாங்கூர்க் கோயில்களில் கல்வெட்டுகளைப் படித்து, வேணாட்டுப் பழைய அரசர்களைப் பற்றியும் 1894-ல் ஆங்கிலத்தில் எழுதினார். 1896-ல் ராவ் பகதூர் பட்டம் வந்தது. 1897 ஏப்ரல் 26-ந் தேதி காலமானார். வயது 42.

பாட்டு கிளம்பியது

நாடகத்தின் தொடக்கத்தில் கடவுள் வணக்கத்தோடு தமிழ்த் தெய்வ வணக்கம் ஒன்றும் வைத்திருந்தார். 1911-ல் தோன்றிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் அதைத் தம் கூட்டங்களில் பாடலானார்கள். பாட்டு மெல்ல மெல்லப் பரவிற்று. 1970-ல் முதலமைச்சர் கருணாநிதி அதை அரசு விழாக்களுக்குரிய பாட்டாக்கினார். எம்.எஸ். விஸ்வநாதன் மோகன ராகத்தில் மெட்டமைத்தார். டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடினார்கள். சினிமாவில் ஊரை மயக்கிய அதே கூட்டணி! எழுதி 79 வருஷம் கழித்துப் பாட்டுக்கு யோகம் அடித்தது.

ஆனால் முழுப் பாட்டும் வரவில்லை. வடமொழி உலக வழக்கு ஒழிந்தது என்பதும், கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழிலிருந்து பிறந்தவை என்பதும் நீக்கப்பட்டன. அடுத்து வரும் தாழிசைகளும் இல்லை. வைகையில் ஏடு எதிரேறியது, குறளையும் மனுவையும் ஒப்பிடுவது எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன.

வெட்டலாமா என்று இன்றும் சண்டை நடக்கிறது. எல்லாரும் எழுந்து நின்று பாட வேண்டிய பாட்டில் யாரையும் தாழ்த்தும் சொல் வேண்டாம் என்பது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் எழுதியவரையும் நினைக்க வேண்டும். மலையாளத்தின் நடுவே பிறந்து, மலையாளத்தின் நடுவே வாழ்ந்து, அங்கேயே கண் மூடியவர் அவர். அண்டை மொழியைக் காதால் கேட்டறியாமல் எழுதியவர் அல்ல. அவர் பிறந்த ஊரும் இறந்த ஊரும் 1956 முதல் கேரளத்தில் இருக்கின்றன.

பாடும்போது எழுந்து நிற்க வேண்டுமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிற்று. 2021 டிசம்பரில் அரசு இதை மாநிலப் பாடல் என்று அறிவித்து, 55 விநாடியில் பாட வேண்டும், மாற்றுத் திறனாளிகள் தவிர மற்றவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நெல்லையில் 1990-ல் அவர் பெயரால் ஒரு பல்கலைக் கழகமும் எழுந்தது.

மனோன்மணீயம் அச்சான அதே 1891-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். தந்தையை இழந்தபோது பையனுக்கு ஆறு வயது. அந்த நடராஜ பிள்ளைதான் வளர்ந்து சுதந்தரப் போராட்டத்தில் இறங்கி, திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் நிதி மந்திரியாக இருந்தார். 1962-ல் திருவனந்தபுரத்திலிருந்து லோக்சபைக்குப் போனார். 1966-ல் காலமானார். தந்தையின் பாட்டு அரசாங்கப் பாட்டாக அப்போது இன்னும் நான்கு வருஷம் இருந்தது.