பாதுகையும் சித்திரகவியும்: ஸ்வாமி தேசிகனின் திருச்சரிதம்

இவ்வுத்ஸவ காலத்தில் எம்பெருமானை ஸேவித்து, தீர்த்தமும் திருத்துழாயும் பெற்று, சடாரிக்குத் தலை தாழ்த்தும் அன்பர்கள் அனைவருக்கும் அடியேனது பணிவான விண்ணப்பம். தலைமீது ஒரு கணம் பட்டு நீங்கும் அந்தச் சடாரி எம்பெருமானுடைய திருவடிநிலை; அதாவது பாதுகை. அப்பாதுகை ஒன்றையே பொருளாகக் கொண்டு 1008 சுலோகங்கள் அருளிச்செய்தவர் ஸ்வாமி தேசிகன். அம்மஹானுடைய திருச்சரிதத்தைச் சுருக்கமாகவும், அவர் கையாண்ட கவியணிகளைச் சற்று விரிவாகவும் இங்கே எழுத முற்படுகிறேன். அணி, அலங்காரம் என்றாலே அது பண்டிதர்களுக்கு உரியது என்று எவரும் ஒதுங்க வேண்டுவதில்லை. சாத்துப்படி செய்த பெருமானைக் கண்ணாரக் காணத் தெரிந்தவர்க்கு அணி செய்த கவியையும் காணத் தெரியும்.

காஞ்சிபுரத்தை அடுத்த தூப்புலில், 1268-ஆம் ஆண்டு, விபவ வருஷத்துப் புரட்டாசித் திருவோணத்தில் அனந்தஸூரிக்கும் தோதாரம்பைக்கும் புதல்வராக அவதரித்தார். வேங்கடநாதன் என்பது திருநாமம். திருமலையில் ஒலிக்கும் திருமணியின் அம்சமே அவர் என்பது ஸம்ப்ரதாயம். ஐந்து வயதில், தாய்மாமனான அப்புள்ளார் குழந்தையைக் கைப்பிடித்து நடாதூர் அம்மாளின் காலக்ஷேப கோஷ்டிக்கு அழைத்துச் சென்றார். குழந்தையின் தேஜஸ்ஸைக் கண்டு அம்மாள் பேச்சை நிறுத்தினார். பிறகு எந்த இடத்தில் விட்டோம் என்பது அவருக்கும் நினைவில்லை, கோஷ்டியில் எவருக்கும் நினைவில்லை. விட்ட இடத்தை எடுத்துச் சொன்னது அக்குழந்தையே. இருபது பிராயத்திற்குள் அப்புள்ளாரிடமே ஸகல சாஸ்திரங்களையும் கற்றுத் தேறி, திருவஹீந்த்ரபுரத்தில் ஔஷத கிரியின்மேல் கருட மந்த்ரத்தை ஜபித்து, ஹயக்ரீவனுடைய அருளைப் பெற்றார் என்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அவர் தொடாத கவிவகை அரிது. அன்னத்தைத் தூதாக விட்ட ஹம்ஸ ஸந்தேசம் ஒன்று. கண்ணன் சரிதத்தை 24 ஸர்கங்களில் விரித்த யாதவாப்யுதயம் ஒன்று. பத்து அங்கங்கள் கொண்ட ஸங்கல்ப ஸூர்யோதயம் என்னும் நாடகம் ஒன்று. கருடனுக்குத் தண்டகம், இரகுவீரனுக்குக் கத்யம், தேவநாதனுக்குப் பிராக்ருத மொழியில் அச்யுத சதகம். தமிழிலும் தேவநாதன் மீது மும்மணிக்கோவையும் நவமணிமாலையும் பாடினார். பந்து, கழல், அம்மானை, ஊசல், ஏசல் என்று பெண்கள் ஆடிப்பாடும் வகையில் அவர் பாடிய ஐந்தும் நமக்குக் கிட்டாமற் போயின. யாதவாப்யுதயத்திற்கு உரை கண்டவர் அத்வைதியும் சிவபக்தருமான அப்பய்ய தீக்ஷிதர் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. கவிதைக்கு முன்னே மதபேதம் நிற்காது போலும்.

இனிப் பாதுகைக்கு வருவோம். திருவரங்கத்தில், ஓர் இரவுக்குள் ஆயிரம் சுலோகம் பாட வேண்டும் என்று ஒரு போட்டி எழுந்தது. மற்றொரு வித்வான் பெருமானுடைய திருவடித் தாமரையைப் பொருளாகக் கொண்டார். தேசிகன் அத்திருவடிக்கும் கீழே இருக்கும் பாதுகையைக் கொண்டார். விடிவதற்குள் எதிராளி முந்நூறு பாடினார். தேசிகன் ஆயிரத்தையும் முடித்தார். அவர் ஒரே யாமத்தில் முடித்தார் என்றும் சொல்வர். வென்ற பின்பு அவர் சொன்னதாக வழங்கும் ஒரு சுலோகத்தின் கருத்து இது: பன்றி ஒரே ஈற்றில் எத்தனையோ குட்டிகளைப் போடும், யானை நெடுங்காலம் சுமந்து ஒரே கன்றை ஈனும், அரசர் சீராட்டுவது யானைக்கன்றையே. தம் ஆயிரத்தைப் பன்றிக்குட்டிகளாக்கி, தோற்றவருடைய முந்நூறை யானைக்கன்றாக்கிய வெற்றி அது.

அந்த 1008 சுலோகங்கள் 32 பத்ததிகளாக, அதாவது பகுதிகளாக, வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் உவமை உண்டு: இது அதைப் போன்றது என்பது. ரூபகம் உண்டு: போன்றது என்ற சொல்லையும் நீக்கி, இது அதுவே என்பது. உத்ப்ரேக்ஷை என்பதைத் தமிழில் தற்குறிப்பேற்றம் என்பர். த்வஜஸ்தம்பத்தில் கொடி அசைவது காற்றினால். வாருங்கள் என்று அது நம்மை அழைக்கிறது என்று கவி தன் குறிப்பை அதன்மேல் ஏற்றிச் சொன்னால் அது தற்குறிப்பேற்றம். பாதுகையின் ஒலியைப் பாடும் நாத பத்ததியில் மட்டும் நூறு சுலோகங்கள். மணிகள் பதித்த மரத்தடி தரையில் படும் ஓசையில் எத்தனை எத்தனையோ பொருளைக் கேட்கிறார். ஸந்நிதியில் நின்று தினமும் கேட்கும் மணியோசை அதைப் படித்த பிறகு அடியேனுக்கு வேறாகக் கேட்டதுண்டு.

சிலேடையும் மடக்கும் மயக்கம் தருபவை. மாலை என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அந்திப் பொழுதும் மாலை, பூத்தொடையும் மாலை, மாலவனை என்று பொருள்படுவதும் மாலை. மூன்று பொருளும் மூன்று இடங்களில் வர, அச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடுக்கினால் மடக்கு, வடமொழியில் யமகம். ஒரே இடத்தில் ஒரே முறை நின்று இரண்டு பொருளைத் தந்தால் சிலேடை, வடமொழியில் ச்லேஷம். சடகோபம் என்ற பெயரே இதற்கு நல்ல இடம் தருகிறது. அது பெருமானுடைய பாதுகைக்கும் பெயர்; ஆயிரம் தமிழ் பாடிய நம்மாழ்வாருக்கும் பெயர். இந்தப் பெயரொற்றுமையைப் பற்றிக்கொண்டு ஆழ்வாரையும் பாதுகையையும் சேர்த்தே போற்றுகிறது ஸமாக்யா பத்ததி. அடியார் தலையில் ஆழ்வாரே வந்து அமர்கிறார் என்ற நினைவோடு சடாரி பெறுவது அவ்வழியில் வந்ததே.

முப்பதாவது பத்ததி சித்திர பத்ததி, 40 சுலோகங்கள். எழுத்துகளைத் தாமரையிதழாகவும் சக்கரமாகவும் அமைக்கும் பந்தங்கள் இங்கே உள்ளன. யா என்ற ஓரெழுத்தே 32 முறை வந்து பொருள் தரும் சுலோகமும் உண்டு. எல்லாவற்றிலும் வியப்பானது சதுரங்கக் குதிரையின் நடை. அனுஷ்டுப் சுலோகத்திற்கு 32 எழுத்து. அவற்றை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசையில் எழுதினால் சதுரங்கப் பலகையில் பாதி நிரம்பும். முதற் கட்டத்தில் குதிரையை வைத்து, நேரே இரண்டு பக்கத்தில் ஒன்று என்ற அதன் முறைப்படியே நகர்த்தினால், ஒரு கட்டத்தையும் இருமுறை மிதியாமல் 32 கட்டத்தையும் அது சுற்றிவிடும். சென்ற வழியில் உள்ள எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் அடுத்த சுலோகம் கிடைக்கிறது! இரண்டும் பாதுகையின் துதியே. காச்மீரத்து ருத்ரடர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே குதிரைநடைச் சுலோகம் காட்டியிருக்கிறார். ஆனால் அங்கே குதிரை சுற்றி வந்தாலும் கிடைப்பது பழைய சுலோகமே.

பாடசாலையில் எங்கள் வாத்தியார் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டு, புளியங்கொட்டையைக் குதிரையாக வைத்து இதைக் காட்டினார். நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். சில ஆண்டுகள் கழித்து மம்மடருடைய காவ்யப்ரகாசம் பாடம் ஆயிற்று. குறிப்புப்பொருள் சிறந்து நிற்பது உத்தம காவியம்; அது அடங்கி நிற்பது மத்யமம்; சொல்லின் வித்தையும் வெளிப்படையான அணியும் மட்டும் நிற்பது சித்திரம், அதுவே கடைத்தரம் என்று அந்நூல் தீர்மானமாகச் சொல்கிறது. அடியேனுக்கு மனம் சோர்ந்தது. இதை அறியாதவரா தேசிகன்? அறிந்தும் கடைத்தரத்தில் ஏன் இறங்கினார்? போட்டியில் வெல்லவா?

பல ஆண்டுகள் இந்தக் கேள்வி உள்ளே கிடந்தது. பின்னர் அடியேனுக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். பிழையிருந்தால் பெரியோர் பொறுக்க. பாதுகையும் கடைத்தரத்தில் கிடப்பதுதான். கிரீடம் தலையில் இருக்கிறது, ஹாரம் மார்பில் இருக்கிறது, பாதுகை மண்ணில் கிடக்கிறது. அதைத்தான் பரதன் தலையில் சுமந்து ஸிம்ஹாஸனத்தில் வைத்தான். காவியங்களில் கீழே கிடந்த சித்திரத்தை எடுத்துப் பாதுகைக்கே ஸமர்ப்பித்தார் ஸ்வாமி. மேலும் 1008-இல் 40 என்ற அளவையும் பார்க்க வேண்டும். அலம் என்ற வடசொல்லுக்குப் போதும் என்பது ஒரு பொருள். அலங்காரம் என்பதற்குள்ளேயே போதும் என்ற சொல் இருக்கிறது. சாத்துப்படியில் கை நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதற்கு மேல் ஒரு மாலை சாத்தினாலும் திருமேனி மறைந்துவிடும். எங்களில் இளையோர்க்கு இதைக் கற்பிப்பதே கடினமான பாடம்.

சித்திரத்தை அடுத்து, 31-ஆவதாக, தேசிகன் வைத்தது நிர்வேத பத்ததி. நிர்வேதம் என்றால் தன்னை நினைந்து நோவது. வித்தையெல்லாம் காட்டிய கவி, அடுத்த ஏட்டிலேயே தமக்கு ஒரு தகுதியும் இல்லை என்று பாதுகையின் முன் விழுகிறார். குதிரைநடையைப் பார்த்து வியப்பவர்கள் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுகிறார்கள். அடுத்த ஏட்டையும் புரட்ட வேண்டும்.

அவர் வாழ்வில் துயரமும் உண்டு. 1323-இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியபோது நம்பெருமாள் ஊரை விட்டு எழுந்தருள நேர்ந்தது. தேசிகன் பிணக்குவியலிடையே கிடந்து, ஸுதர்சன ஸூரியின் இரு குமாரர்களையும் ச்ருதப்ரகாசிகைச் சுவடியையும் காத்துக் கொண்டு மேற்கே சென்றார் என்று குருபரம்பரை கூறும். அச்சம் நீங்க வேண்டி அவர் அருளிய அபீதிஸ்தவம் இன்றும் அனுஸந்திக்கப்படுகிறது. நாள்தோறும் உஞ்சவிருத்தி செய்து உண்டார். அரிசியோடு எவரோ பொற்காசுகளைக் கலந்து இட்டபோது, அவற்றைப் புழுவென்று தள்ளினார். 1369-இல் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் இறுதிக்கென்று வைத்திருந்தேன். அவரைப் பொறாதவர் சிலர் அவருடைய திருமாளிகை வாசலில் செருப்புகளைத் தோரணமாகத் தொங்கவிட்டனர். வெளியே வந்தவர் தலையில் அவை பட்டன. வடமொழியில் அவலம்பித்தல் என்றால் தொங்குதல் என்றும் பொருள், பற்றிக்கொள்ளுதல் என்றும் பொருள். அவர் கோபிக்கவில்லை. சிலர் கர்மத்தைப் பற்றினர், சிலர் ஞானத்தைப் பற்றினர், நாமோ ஹரியின் அடியார்களுடைய பாதரக்ஷையைப் பற்றினோம் என்று அந்த ஒரு சொல்லையே சிலேடையாக்கிச் சொல்லி, அவற்றின் கீழே நடந்து போனார்.