பொருளைத் தேடிச் சென்ற திருவாய்மொழிப் பிள்ளை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

குற்றாலத்துச் சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, ஆழ்வார்திருநகரியைக் கடந்து கடலை அடைகிறது. வடகரையில் வசிக்கும் அடியேனுக்கு இந்நீரைக் காணும்போதெல்லாம், ஆழ்வார் எழுந்தருளியிராத திருநகரியையும் இது ஒரு காலத்தில் கடந்து சென்றதே என்ற எண்ணம் தோன்றும். அந்தக் குறையைத் தீர்த்தவர் திருவாய்மொழிப் பிள்ளை. ஓர் ஆசார்யனுக்குப் பின் அடுத்தவர் யார் என்று அறியாது கலங்கும் உள்ளங்களுக்கு அவருடைய சரித்திரம் தைரியம் அளிக்கும்.

1323-இல் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளைக் காத்துக்கொண்டு தெற்கே எழுந்தருளினார். மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் அவர் திருநாடு அலங்கரிக்கும் காலம் நெருங்கியது. கோயில் இல்லை, கோஷ்டி சிதறிவிட்டது. அந்நிலையில் அவர் திருவுள்ளத்தில் நினைத்தது திருமலையாழ்வாரை. வைகாசி விசாகத்தில் குந்தீநகரத்தில் அவதரித்து, இளமையிலேயே தம்மிடம் பஞ்சஸம்ஸ்காரம் பெற்றவர் அவர். ஆனால் அப்போதோ மதுரையில் பாண்டிய அரசின் நிர்வாகத்தில் மூழ்கியிருந்தார். அவரைத் திருத்தி ஸம்ப்ரதாயப் பொருள்களை உபதேசிக்கும்படி கூரகுலோத்தம தாசர், திருக்கண்ணங்குடிப் பிள்ளை, திருப்புட்குழி ஜீயர், நாலூர்ப் பிள்ளை, விளாஞ்சோலைப் பிள்ளை ஆகியோருக்கு லோகாசார்யர் நியமித்தருளினார்.

வங்கியில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற அடியேனுக்கு இங்கே பெட்டகச் சாவியின் நினைவு வரும். அதை ஒருவரிடமே ஒப்படைப்பதில்லை. இருவர் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். லோகாசார்யரும் அருஞ்செல்வத்தைப் பலரிடம் வைத்தார். அவர்களை எல்லாம் அடைந்து அதைப் பெற வேண்டியவரோ, தமக்கு அப்படியொரு செல்வம் காத்திருப்பதையே மறந்திருந்தார்.

கூரகுலோத்தம தாசர் மதுரைக்கு வந்தார். திருமலையாழ்வார் பல்லக்கில் வரும் வழியில் நின்று திருவிருத்தத்தின் முதல் பாசுரத்தை அநுஸந்தித்தார். அதன் பொருளைச் சொல்லும்படி அவர் கேட்க, தாசர் விடை கூறாமல் அவர்மேல் உமிழ்ந்தார். ஏவலாளர்கள் தண்டிக்கப் பாய்ந்தனர். திருமலையாழ்வார் அவர்களைத் தடுத்துவிட்டார். அதிகாரத்தில் இருப்பவர்க்கு அது எளிய செயலன்று. இல்லத்தில் சிற்றன்னையார் பிள்ளை லோகாசார்ய ஸம்பந்தத்தை நினைவூட்டியதும், அவர் தாசரைத் தேடி அலைந்தார். பின்பு ஒரு நாள் யானைமேல் வரும்போது தாசரைக் கண்டு, கீழே இறங்கித் திருவடிகளில் விழுந்தார்.

தினமும் காலையில் தாம் திருமண்காப்பு சாற்றிக்கொள்ளும் வேளையில் வந்து உபதேசிக்குமாறு தாசரை வேண்டிக்கொண்டார். அரசு அலுவலால் ஒரு நாள் பாடம் தவறியது. தாசர் மறுநாளிலிருந்து வருவதை நிறுத்திவிட்டார். திருமலையாழ்வாரே சென்று அபராத க்ஷாமணம் செய்துகொண்டார். படிப்படியாக உலகியலில் பற்று அற்றது. நிர்வாகப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, சிக்கிலில் தாசருடனேயே இருந்து கைங்கர்யம் செய்தார்.

தாசரும் திருநாடு எய்தினார். மற்ற ஆசார்யர்களை நாடும் பயணம் தொடங்கியது. திருக்கண்ணங்குடிப் பிள்ளை திருவாய்மொழிப் பொருளை உபதேசித்து, மேலும் விரிவாக அறியத் திருப்புட்குழி ஜீயரிடம் அனுப்பினார். காஞ்சியை அடைந்தபோது ஜீயரும் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே பரமபதித்திருந்தார். இவ்வளவு தூரம் வந்தும் ஆசார்யன் இல்லை! மனம் நொந்தவர் திரும்பிச் செல்லவில்லை. பேரருளாளன் ஸந்நிதிக்குச் சென்றார். அங்கே அர்ச்சகர் வாயிலாகப் பெருமாள் நாலூர்ப் பிள்ளைக்கு நியமிக்க, அவர் தமது முதுமையை விண்ணப்பித்தார். அதனால் அவருடைய குமாரர் நாலூராச்சான் பிள்ளை ஈட்டை உபதேசிக்க ஏற்பட்டது. அது திருநாராயணபுரத்தில் நிறைவேறியது. ஸ்ரீவசனபூஷணத்தின் உட்பொருளைத் திருவனந்தபுரத்தில் விளாஞ்சோலைப் பிள்ளையிடம் பெற்றார். அவருடைய பிறப்பு எந்தக் குலம் என்பது திருமலையாழ்வாருக்குத் தடையாகவில்லை.

இவ்வாறு பெற்ற செல்வத்தோடு காடு மண்டிக் கிடந்த ஆழ்வார்திருநகரிக்கு வந்தார். காட்டைத் திருத்தி, திருக்கணாம்பியிலிருந்து ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளப்பண்ணினார். எம்பெருமானாருக்கும் ஸந்நிதியும் சதுர்வேதிமங்கலமும் அமைத்தார். திருவாய்மொழியில் அவருக்கிருந்த ஈடுபாட்டால் திருவாய்மொழிப் பிள்ளை என்னும் திருநாமம் நிலைத்தது.

அந்திம காலத்தில் அதே கேள்வி அவர் முன்னும் வந்தது: தமக்குப் பின் இதை யார் நடத்துவார்? 1370-இல் அவதரித்த அழகிய மணவாளர் அப்பொறுப்பை ஏற்று, ஆசார்யனின் கவலையைத் தீர்த்தார். அவரே நம் மணவாள மாமுனிகள்.

ஆசார்யன் மாறும் காலத்தில், வருபவர் தகுதியானவரா என்று நாம் எடைபோடுகிறோம். பல்லக்கில் சென்ற அதிகாரியைக் கண்டவர் எவரும் அவரை லோகாசார்யரின் வாரிசாக எண்ணியிருக்கமாட்டார். லோகாசார்யர் எண்ணினார், தாசர் அடிபடவும் துணிந்தார், திருமலையாழ்வார் வெறுங்கையுடன் பேரருளாளன் முன் நின்றார். எம்பெருமானிடம் விச்வாஸம் என்பது கைகட்டிக் காத்திருப்பது அன்று. பரம்பரையைக் காப்பவன் அவனே என்னும் உறுதியோடு, இன்று நம் பங்குக்கு வந்த கைங்கர்யத்தைக் குறைவறச் செய்வது. அடுத்தவரை அவன் காட்டித் தருவான்.

திருவாய்மொழிப் பிள்ளை திருவடிகளே சரணம்.

அடியேன், ராமாநுஜ தாஸன்