அலாபத்தை வென்ற வணிகர்: வால்சந்த் ஹீராசந்த்

துறவறம் பூண்ட முனிவர்கள் பொறுத்து வெல்ல வேண்டிய பரீஷகங்கள் இருபத்திரண்டு என நம் ஆகமங்கள் வகுத்துள்ளன. பசி, தாகம், குளிர், வெப்பம் முதலியவற்றோடு அலாபம் என்பதும் அவற்றுள் ஒன்று. நாடிச் சென்றது கிட்டாதபோது மனம் கலங்காதிருப்பதே அதனை வெல்லுதலாகும். முனிவர்க்குரிய அந்நெறியை இல்லறத்தார் முழுமையாக மேற்கொள்வது அரிது. ஆயினும் உழவும் தொழிலும் வணிகமும் செய்து வாழும் நமக்கு அடிக்கடி எதிர்ப்படுவது இந்த அலாபமே. அதனை வாழ்நாள் முழுதும் எதிர்கொண்ட ஒரு திகம்பர ஜைன இல்லறத்தாரின் வரலாற்றை இம்மலரில் நினைவுகூர்வது பொருந்தும்.

வால்சந்த் ஹீராசந்த் 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் சோலாப்பூரில் பிறந்தார். குஜராத்திலிருந்து வந்து மராட்டிய நாட்டில் நிலைபெற்ற குடும்பம் அது. பருத்தி வாணிபமும் வட்டித் தொழிலும் குலத்தொழில்கள். பம்பாயிலும் புணேயிலும் கல்லூரியில் பயின்ற வால்சந்த், படிப்பை முடிக்காமலே குடும்பத் தொழிலில் இறங்கினார். ஆனால் அவர் உள்ளம் அதில் ஒன்றவில்லை. கணக்குப் புத்தகத்தின் முன் அமர்வதைவிட, ஏதேனும் ஒன்றைக் கட்டி எழுப்புவதையே அது நாடிற்று.

ரயில்வே எழுத்தராயிருந்து ஒப்பந்தக்காரரான லட்சுமணராவ் பாடக் என்பவரோடு அவர் கூட்டுச் சேர்ந்தார். பார்சி சிற்றிருப்புப் பாதையில் சிறு பணிகளை ஏற்றதே இவ்வாழ்வின் தொடக்கம். ஒப்பந்தத் தொழிலின் கடுமை அதனைச் செய்தோர்க்கே விளங்கும். மண் வெட்டுவோர்க்கும் கல் உடைப்போர்க்கும் கூலியை உடனுக்குடன் தந்தாக வேண்டும். தமக்கு வர வேண்டிய தொகையோ, பொறியாளர் அளந்து ஒப்பிய பின்னரே கைக்கு வரும். இடையில் மழை பெய்தாலும் பாறை குறுக்கிட்டாலும் நட்டம் ஒப்பந்தக்காரரையே சாரும். வசதியான இல்லத்தில் வளர்ந்த இளைஞர் வெயிலையும் புழுதியையும் ஏற்றுக்கொண்டு, இத்தொழிலைச் சிறிது சிறிதாக வளர்த்தார். பிற்காலத்தில் போர் மலைத்தொடரில் ரயில் பாதைக்காகச் சுரங்கங்கள் குடையும் பெரும்பணி வரை அவ்வளர்ச்சி சென்றது. 1926இல் தோன்றிய இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனியின் வேர் இத்தகைய சிறு பணிகளிலேயே இருந்தது.

அவரது பெருஞ்சோதனை கடலில் காத்திருந்தது. முதல் உலகப்போர் முடிந்த வேளையில், தில்லியிலிருந்து பம்பாய்க்குச் செல்லும் ரயில் பயணத்தில், குவாலியர் மகாராஜாவின் லாயல்டி என்னும் கப்பல் விலைக்கு வருவதை அவர் அறிந்தார். நரோத்தம் மொரார்ஜி, லல்லுபாய் சாமள்தாஸ், கிலாசந்த் தேவ்சந்த் ஆகியோரோடு இணைந்து அதனை வாங்கி, சிந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அக்கப்பல் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. வால்சந்தும் அதில் பயணம் செய்தார்.

தொடக்கத்தின் பெருமிதம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1890இல் முதன்முதல் நீரில் இறக்கப்பட்ட அப்பழங்கப்பல் பழுதுபார்ப்புச் செலவையே மிகுதியாகத் தந்தது, வருவாய் தரவில்லை. 1923இல் உடைத்து விற்கப்படும் நிலையை அடைந்தது. ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியோ, சரக்குக் கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்துப் புதிய கம்பெனியை நசுக்க முற்பட்டது. இந்தப் போட்டியின் கொடுமையைத் தமிழர் முன்னரே அறிவர். 1906இல் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் இதே கம்பெனியின் எதிர்ப்பைச் சந்தித்தே வீழ்ந்தது.

சிந்தியாவை முழுவதுமாக விலைக்கு வாங்கிக்கொள்ளவும் ஆங்கிலேயர் முன்வந்தனர். விற்றிருந்தால் பங்குதாரர்களின் கவலை தீர்ந்திருக்கும்; நாட்டுக்கெனக் கப்பல் இராது. வால்சந்தும் தோழர்களும் விற்க மறுத்தனர். எனினும், போட்டியைத் தாங்கும் வலிமையும் அப்போது அவர்களிடம் இல்லை. ஆதலின் 1923இல் பத்தாண்டு உடன்படிக்கை ஒன்றை ஏற்றனர். கப்பல்களின் மொத்த அளவு 75,000 டன்னுக்கு மேற்படலாகாது. கடலோரச் சரக்குப் போக்குவரத்தோடு நின்றுகொள்ள வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். தன்மதிப்புள்ள எவர்க்கும் கசக்கும் நிபந்தனைகளே அவை. ஆனால் உயிரோடிருக்கும் தொழில் நாளை வளரலாம். விற்றுவிட்ட தொழில் மீளாது என்பதனை அவர்கள் உணர்ந்திருந்தனர். பொறுமை என்பது சில வேளைகளில் தலைநிமிர்ந்து நிற்பது. சில வேளைகளில் சிறுமையை விழுங்கிக் காலம் பார்த்திருப்பது.

நரோத்தம் மொரார்ஜி 1929இல் மறைந்தபின் வால்சந்தே தலைமை ஏற்றார். அதற்கிடையே நாசிக் மாவட்டத்து ராவல்காவில் கல்லும் கரடுமாய்க் கிடந்த நிலத்தைப் பண்படுத்திக் கரும்பு விளைவித்தார். 1923இல் தொடங்கிய அம்முயற்சி, 1933இல்தான் சர்க்கரை ஆலையாகக் கனிந்தது. 1940இல் பெங்களூரில் மைசூர் அரசின் துணையோடு விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். போர்க்காலத்தில் அது அரசின் கைக்குச் சென்றது. 1941 ஜூன் 21ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளத்திற்கு இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். அடுத்த ஆண்டே அவ்வூர் மீது ஜப்பானியர் குண்டு வீசப் பணி தடைப்பட்டது. பின்னர் மீண்டும் தொடர்ந்தது. 1948 மார்ச்சில் அங்குக் கட்டிய ஜல உஷா என்னும் கப்பலைப் பிரதமர் நேரு நீரில் இறக்கி வைத்தார்.

உடல்நலம் குன்றியதால் 1950இல் வால்சந்த் பொறுப்புகளிலிருந்து விலகினார். மனைவி கஸ்தூர்பாயின் பணிவிடையில் இறுதி நாள்களைக் கழித்து, 1953ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் குஜராத்தின் சித்தபூரில் மறைந்தார். அவர் தொடங்கியவற்றுள் சில பிறர் கைக்குச் சென்றன. சில அவர் காலத்தில் முழுமை பெறவில்லை. ஆனால் லாயல்டி புறப்பட்ட ஏப்ரல் 5ஆம் நாளையே நம் நாடு தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகின்றது. இலாபம் தராத கப்பலுக்குக் கிடைத்த பெருமை அது.

நம் இளைஞருள் பலர் இன்று சிறு கடையோ பட்டறையோ தொடங்குகின்றனர். முதல் ஆண்டில் நட்டம் வரலாம். கொடுத்த கடன் திரும்பாதிருக்கலாம். உறவினரே முயற்சியைக் கைவிடச் சொல்லலாம். அவ்வேளையில் வால்சந்தின் வாழ்வு ஒரு துணையாகும். அவர் இழப்பை அறியாதவர் அல்லர். இழப்பு நேர்ந்த மறுநாளும் பணிக்குச் சென்றவர். வருவாய் நம் வசத்தில் முழுவதும் இல்லை. கலங்காத முயற்சியும் நேர்மையும் நம் வசத்தில் உள்ளன. அவற்றை இழவாதிருப்பதே இல்லறத்தார்க்கு இயன்ற அலாப வெற்றி.