துணிக் கதவைத் திறந்தவர்

மாயக் கதவொன்று திறக்க, பிள்ளைகள் அதனுள் நுழைந்து வேறோர் உலகத்தைக் காண்பதாகக் கதைகள் உண்டு. நம் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அப்படியொரு கதவு மெய்யாகவே திறந்தது. அது மரக் கதவன்று. கூடார வாயிலில் தொங்கிய துணி. அதைத் தூக்கிப் பிடித்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட்.

1883-ம் வருஷம் கோயம்புத்தூரில் பிறந்த இவர், திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்தார். மாதச் சம்பளம் 25 ரூபாய். 1905-ல் டுபான்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் சலனப்படங்களோடு அவ்வூருக்கு வந்தார். தேக சுகம் குன்றவே, தாய்நாடு திரும்ப எண்ணினார். அவருடைய இயந்திரத்தையும் படச்சுருள்களையும் சுமார் 2000 ரூபாய்க்கு வின்சென்ட் வாங்கிக்கொண்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆறரை வருஷச் சம்பளத்துக்கும் மேல்! வயதோ இருபத்திரண்டு. ரயில்வே வேலை கிடைப்பதே பாக்கியம் என்றிருந்த காலத்தில் அதை உதறினார். அவர் வீட்டில் எத்தனை பேர் உறங்காமல் கிடந்தார்களோ!

அந்தச் சுருள்களில் ஒன்று சேசுநாதர் சுவாமியின் ஜீவியத்தைக் காட்டியது. அதுவரை கோவில் சுரூபத்திலும் படத்திலும் அசையாமல் நின்ற ஆண்டவர், வெள்ளைத் துணியின்மேல் நடந்தார், சிலுவை சுமந்தார். மின்சாரமே எட்டிப் பாராத கிராமத்தில், இருட்டில் மண் தரையில் உட்கார்ந்து அதைக் கண்ட சிறுவனுக்கு எப்படியிருந்திருக்கும்! நானும் சிறு வயதில் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து ஆசனமாக்கி உட்கார்ந்தவன்தான். விளக்கு அணையும் அந்தக் கணத்தில் நெஞ்சு படபடக்கும். எனக்கே அப்படியென்றால், அசையும் படத்தை முதன்முதல் கண்டவர்களைப் பற்றிக் கேட்பானேன்.

கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வின்சென்ட் ஊர் ஊராகச் சென்றார். வடக்கே பெஷாவர் வரையிலும், கடல் கடந்து பர்மா, மலாயா நாடுகளுக்கும் போனதாகச் சொல்வர். 1909-ல் சென்னை எஸ்பிளனேடில் கூடாரம் போட்டார்.

பிறகு பிறந்த ஊருக்கே வந்து, 1914-ல் வெரைட்டி ஹாலைக் கட்டினார். தென்னாட்டில் படம் காட்டுவதற்கென்றே எழுந்த முதல் நிலையான கொட்டகைகளில் அதுவும் ஒன்று. 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வருமுன்பே சொந்தமாக மின்சாரம் உண்டாக்கி, அச்சகமும் அரிசி ஆலையும் ஓட்டினார். 1933-ல் கல்கத்தா பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து, டி. பி. ராஜலக்ஷ்மி நடித்த வள்ளி திருமணம் என்னும் பேசும் படத்தை வெளியிட்டார், நல்ல வசூல்.

1942 ஏப்ரலில் காலமானார். கொட்டகையின் பெயர் பின்னர் டிலைட் என்று மாறியது. ஆனால் அது நின்ற வீதியை ஊரார் அதன் பிறகும் வெரைட்டி ஹால் ரோடு என்றே அழைத்து வந்தார்கள்.