மெல்போர்னில் நான்கு கோல் அடித்த நெவில் டிசூசா

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தரவேண்டும் என்று நமது சங்கச் செயலாளர் கேட்டபோது, புலவர் ஒருவரைப் பற்றியோ தேசத் தலைவர் ஒருவரைப் பற்றியோ நான் எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். ஒரு கால்பந்தாட்டக்காரரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சற்று யோசித்தார். அவர் தமிழருமல்லர் என்று அறிந்ததும் இன்னும் சற்று யோசித்தார். தமிழ்ச் சங்க மலரில் கோவாக்காரர் ஒருவருக்கு எதற்காக நான்கு பக்கம் என்பது நியாயமான கேள்வியே. பிழைப்பைத் தேடிச் சொந்த மண்ணை விட்டு மகாராஷ்டிரத்திற்கு வந்து குடியேறிய சமூகங்களுள் நம்மைப் போன்றதே கோவா மக்களின் சமூகமும். இந்த மண்ணில் வளர்ந்து, இந்தியா முழுவதற்கும் பெயர் தேடித் தந்த ஒருவரை நம் பிள்ளைகள் அறியாமல் இருக்கலாகாது என்பதே என் விடை. செயலாளரும் இசைந்தார்.

இதை எழுதத் தூண்டியது சென்ற ஆண்டு விழாவில் நடந்த சிறுவர் பந்தயம். போசரியின் ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பதினான்கு பேர் மைதானத்தில் ஓடினர். அவர்களுள் ஒன்பது பேரின் சட்டை முதுகில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் பெயர்கள் இருந்தன. ஒலிம்பிக் பந்தயத்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த இந்தியர் யார் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. பொன்மலை இரயில்வே மைதானத்தில் எங்களுக்குப் பந்து பழக்கிய ஆங்கிலோ இந்திய முதியவர், ஓய்வுபெற்ற என்ஜின் டிரைவர், ஒருமுறை சொல்லியிராவிட்டால் நானும் அப்பெயரை அறிந்திருக்க மாட்டேன்.

நெவில் டிசூசா 1932ஆம் ஆண்டு கோவா வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அக்காலத்தில் கோவா போர்த்துக்கீசியர் ஆட்சியில் இருந்தது. கல்விக்கும் உத்தியோகத்திற்கும் பம்பாயை நாடுவது அங்குள்ள பல குடும்பங்களின் வழக்கம். சமையற்காரராகவும், கப்பல் தொழிலாளராகவும், பாண்டு வாத்தியக்காரராகவும், குமாஸ்தாவாகவும் வந்த அம்மக்கள் தங்களுடன் மாதா கோயிலையும், சங்கீதத்தையும், கால்பந்தையும் கொண்டுவந்தனர் என்றால் மிகையாகாது. நெவிலின் வீட்டில் ஆட்டம் அவரோடு நின்றுவிடவில்லை. அவருடைய தம்பி டெரிக் டிசூசாவும் சிறந்த ஆட்டக்காரராக விளங்கினார்.

பம்பாயின் கால்பந்து அன்றைக்குக் கம்பெனிகளின் நிழலில் வளர்ந்தது. டாட்டா, கால்டெக்ஸ், பர்மா ஷெல் முதலிய நிறுவனங்கள் தத்தம் பெயரில் கோஷ்டி வைத்திருந்தன. ஆட்டக்காரருக்குச் சம்பளம் உத்தியோகத்திற்காக. ஆட்டம் அதற்கு மேற்பட்டது. காலையில் பயிற்சி, பகலில் அலுவலகம், மாலையில் கூப்பரேஜ் மைதானம். 1891இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை அம்மைதானத்தில் நடைபெற்றபோது, கல்கத்தாவிலிருந்தும் ஐதராபாத்திலிருந்தும் பெரிய கோஷ்டிகள் வந்திறங்கும். டாட்டாவுக்கும் கால்டெக்ஸுக்கும் ஆடிய நெவில், இந்த மைதானத்தில்தான் தம் திறமையைத் தீட்டிக்கொண்டார். 1954ஆம் ஆண்டுப் பருவத்தில் சென்னையில் நடந்த சந்தோஷ் கோப்பைப் போட்டியில் பம்பாய் மாகாணம் இராணுவக் கோஷ்டியை இரண்டுக்கு ஒன்று என வென்று, முதன்முறையாக அக்கோப்பையைக் கைப்பற்றியது. அக்காலத்தில் பம்பாயின் முன்வரிசைக்கு நெவிலே நடுநாயகம்.

அவர் ஆடிய இடம் நடு முன்னணி. ஆங்கிலத்தில் சென்டர் பார்வர்டு என்பார்கள். பார்ப்பவர்களுக்கு அது சுலபமான இடமாகத் தோன்றும். பந்தைக் கொண்டுவருகிறவர் ஒருவர், கடத்தித் தருகிறவர் ஒருவர், இவர் அடித்துப் பெயரைத் தட்டிக்கொண்டு போகிறார் என்று குறை கூறுவாரும் உண்டு. உண்மையில் எண்பது நிமிடமும் இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவே இடிபட்டுக்கொண்டு, ஒன்றும் கிடைக்காமல், ஆனால் கவனம் சிதறாமல் நிற்பதே அந்த வேலை. வாய்ப்பு வரும்போது ஒரு நொடிதான் இருக்கும். முன்பதிவுக் கவுண்டரில் அமர்ந்தவன் என்ற முறையில், தட்கல் சீட்டு திறக்கும் காலை வேளையை எண்ணிப் பார்த்து இதை நான் ஓரளவு புரிந்துகொள்கிறேன். என் பிழைக்கு ஒரு பயணி திட்டுவார். அவர் பிழைக்கு ஒரு நாடு திட்டும்.

இந்தியக் கோஷ்டியின் அன்றைய நிலையை இங்கே சொல்லவேண்டும். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய நம்மவர்கள் பிரான்சிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றனர். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. 1951இல் டில்லி ஆசியப் பந்தயத்தில், மேவாலாலின் ஒரே கோலால் ஈரானை வென்று தங்கம் பெற்றனர். அந்த மகிழ்ச்சி மறுவருடமே கரைந்தது. 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று என்று தோற்கடித்தது. குளிரில் வெறுங்காலுடன் ஆடியதன் பலன் அது என்பதை உணர்ந்த பின்னரே பூட்ஸ் கட்டாயமாயிற்று. ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் என்ற பள்ளி ஆசிரியர் பயிற்சியாளராக இருந்து, அவமானப்பட்ட இந்தக் கோஷ்டியைப் படிப்படியாக உருவாக்கினார்.

1956ஆம் ஆண்டு மெல்போர்னுக்குச் சென்ற கோஷ்டிக்கு வங்காளத்தின் சமர் பானர்ஜி தலைவர். நம்மவர்கள் பெருமை கொள்ளத்தக்க பெயர்களும் அதில் இருந்தன. கோல் காப்பாளராகப் பீட்டர் தங்கராஜும், ஒற்றப்பாலத்தில் பிறந்து மாதுங்காவில் வளர்ந்த நாராயணும் சென்றனர். செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த துளசிதாஸ் பலராம், கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி ஆகியோரும் உண்டு. வலது ஓரத்தில் இருபது வயது பி. கே. பானர்ஜி. இவர் கிழக்கு இரயில்வேயின் ஆட்டக்காரர்; பின்னர் 1958இல் அந்த இரயில்வேக் கோஷ்டி கல்கத்தா லீக்கை வெல்வதற்குக் காரணமாயிருந்தவர். இரயில்வேக்காரன் எழுதும் கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்த ஒலிம்பிக்கில் கால்பந்துக்கு வந்து சேர்ந்தவை பதினொரு நாடுகளே. முதல் சுற்றில் இந்தியா சந்திக்கவேண்டியது ஹங்கேரியை. 1952இல் தங்கம் வென்ற நாடு அது. ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் புடாபெஸ்டில் எழுந்த கிளர்ச்சியும், சோவியத் படைகள் அதை அடக்கியதும் உலகறிந்தவை. ஹங்கேரிக் கால்பந்துக் கோஷ்டி வரவில்லை. இந்தியா ஆடாமலே கால் இறுதிக்குச் சென்றது. இதைச் சுட்டிக்காட்டி, நமது நான்காம் இடம் அதிர்ஷ்டத்தால் வந்தது என்பாரும் உளர். அதற்கு நெவிலின் கால்கள் சொன்ன விடையைக் கேட்போம்.

டிசம்பர் 1ஆம் நாள், எதிரி ஆஸ்திரேலியா. போட்டியை நடத்தும் நாடு, சொந்த ஜனங்கள், முந்தைய சுற்றில் ஜப்பானை வென்று வந்த உற்சாகம். ஒன்பதாவது நிமிடத்தில் நெவில் முதல் கோலைப் போட்டார். பதினேழாவது நிமிடத்தில் ஆஸ்திரேலியாவின் புரூஸ் மாரோ சமன் செய்தார். முப்பத்துமூன்றாவது நிமிடத்தில் நெவில் மறுபடியும் அடித்தார். நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் மாரோவும் மறுபடியும் அடித்தார். இடைவேளையில் இரண்டுக்கு இரண்டு. இரண்டு மனிதர்கள் தங்களுக்குள் வழக்காடுவதுபோல ஆட்டம் சென்றுகொண்டிருந்தது எனலாம். இடைவேளைக்குப் பின் ஐம்பதாவது நிமிடத்தில் நெவில் மூன்றாவது கோலைப் போட்டு அந்த வழக்கைத் தீர்த்தார். எண்பதாவது நிமிடத்தில் கிருஷ்ணசாமி நான்காவதைச் சேர்த்தார். நான்குக்கு இரண்டு. ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் என்ற பெயர் நெவிலுக்கு வாய்த்தது. ஜப்பானின் கமமோட்டோ ஒலிம்பிக்கில் மூன்று கோல் அடித்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1968இல். ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதியை எட்டிய முதல் ஆசிய நாடும் இந்தியாவே.

அந்த வெற்றி தற்செயலானது என்று எண்ணியவர்களுக்கு அம்மாதத்திலேயே சிட்னியில் நடந்த நட்பு ஆட்டம் பதிலாயிற்று. அதில் இந்தியா ஆஸ்திரேலியாவை ஏழுக்கு ஒன்று என வென்றது.

அரை இறுதி டிசம்பர் 4ஆம் நாள். எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் போட்ட நாடு; சில நாட்களுக்கு முன் அமெரிக்காவுக்கு எதிராக ஒன்பது கோல் போட்ட கோஷ்டி. முதற்பாதியில் இரு தரப்பும் கோல் போடவில்லை. அதுவே நம்மவர்களின் வளர்ச்சிக்குச் சான்று. ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் நெவில் டிசூசா யூகோஸ்லாவியாவின் வலைக்குள் பந்தைச் செலுத்தினார். இந்தியா ஒன்று, யூகோஸ்லாவியா பூஜ்யம்! ஒலிம்பிக் இறுதி ஆட்டத்திற்கு இந்தியா அவ்வளவு அருகில் சென்றது அன்று ஒருநாள்தான். அந்த முன்னிலை இரண்டே நிமிடம் நீடித்தது. ஐம்பத்து நான்காவது நிமிடத்தில் சமன். மேலும் மூன்று நிமிடத்தில் இரண்டாவது கோல். பதினைந்து நிமிடம் செல்வதற்குள் மூன்றாவது. பின்னர் நம்மவர் ஒருவர் காலில் பட்டே நான்காவதும் சென்றது. நான்குக்கு ஒன்று என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா நம்மை மூன்றுக்குச் சுழி என வென்றது. அந்தப் பல்கேரியா கால் இறுதியில் பிரிட்டனை ஆறுக்கு ஒன்று என்று வீழ்த்திய கோஷ்டி என்பதை மறக்கலாகாது.

அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. காசர்வாடியில் லோனாவளா லோக்கல் சற்றுத் தாமதித்தால் நமக்குக் கழிகிற நேரம் அது. 1952இல் ஆடியவர்களுள் ஒருவர் அன்று உலகின் எந்த மூலையில் இருந்து வானொலி கேட்டிருந்தாலும், அந்த இரண்டு நிமிடம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

பந்தயம் முடிந்து கணக்கெடுத்தபோது, அதிக கோல் போட்டவர்கள் மூவர் என்று தெரிந்தது. யூகோஸ்லாவியாவின் வெசலினோவிச், பல்கேரியாவின் மிலானோவ், இந்தியாவின் நெவில் டிசூசா. மூவருக்கும் நான்கு நான்கு. முதல் இருவரும் பதக்கத்துடன் ஊர் திரும்பினர். நெவில் வெறுங்கையுடன் திரும்பி, வழக்கம்போல் பம்பாயில் ஆடத் தொடங்கினார். அவர் ஆடிய கால்டெக்ஸ் கோஷ்டி 1958இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கை வென்று ரோவர்ஸ் கோப்பையைப் பெற்றது.

அதற்குப்பின் அவர் பெயர் மங்கியது. 1960இல் ரோமுக்குச் சென்ற கோஷ்டியில் அவர் இல்லை. சூனி கோஸ்வாமி, பலராம் முதலியோர் முன்வரிசையை நிரப்பினர். இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியது அதுவே கடைசி முறை. 1961இல் மத்திய அரசு அர்ஜுனா விருதைத் தொடங்கியபோது, கால்பந்துக்கான முதல் விருது பி. கே. பானர்ஜிக்குச் சென்றது, அடுத்தடுத்த ஆண்டுகளில் பலராம், சூனி கோஸ்வாமி ஆகியோருக்கு. எல்லோரும் தகுதியுடையோரே. எனினும் ஒலிம்பிக்கில் அதிக கோல் போட்டவர்களுள் ஒருவராக நின்ற ஒரே இந்தியருக்கு அந்த விருது வழங்கப்படவேயில்லை என்பதை நினைக்கும்போது நெஞ்சு கசக்கிறது. கல்கத்தாவில் ஆடியிருந்தால் அவர் பெயர் வேறு விதமாக ஒலித்திருக்கும் என்பது என் எண்ணம். அங்கே பத்திரிகையும் ஜனங்களும் ஆட்டக்காரரை மறக்க விடுவதில்லை. பம்பாயோ கிரிக்கெட்டுக்கே மனத்தைக் கொடுத்த பட்டணம்.

1980ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு முன்பே, நெவில் டிசூசா காலமானார். நான் பிறந்தது அதே ஆண்டில்தான். இந்தக் கட்டுரையை எழுதும்போது அவர் வாழ்ந்த வயதை நானும் நெருங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவர் பெயரை முற்றிலும் மறந்துவிட்டார்கள் என்று சொல்வது நியாயமாகாது. பம்பாயின் பாந்திராவில் ஒரு கால்பந்து மைதானத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. சில மாதங்களுக்கு முன் விடுப்பு நாளொன்றில், சிங்ககட் விரைவு வண்டியில் தாதர் சென்று, அங்கிருந்து லோக்கல் பிடித்து, என் இளைய மகனுடன் அதைப் பார்த்துவரப் போனேன். செயற்கைப் புல் விரித்த மைதானம், நன்றாகவே வைத்திருக்கிறார்கள். சிறுவர்கள் ஆடிக்கொண்டிருந்தனர். வேலிக்கு வெளியே நின்று அரை மணி நேரம் பார்த்தோம். பெயரைப் படித்த என் மகன் இவர் யார் என்று கேட்டான். திரும்பும் வண்டியில் கர்ஜத்தைத் தாண்டிக் காட்டு மேட்டில் வண்டி ஏறும் வரையில், மேலே எழுதியவற்றை அவனிடம் சொல்லி முடித்தேன். ஐம்பத்திரண்டாவது நிமிடத்துக் கோலை மட்டும் அவன் இரண்டு முறை கேட்டான்.